ரிக்கார்ட் கிறிஸ்டோபர்ஸ்

சர் சாமுவேல் ரிக்கார்ட் கிறிஸ்டோபர்ஸ் (நவம்பர் 27, 1873 – பெப்ரவரி 19, 1978) ஆங்கிலேய மருத்துவரும், ஒட்டுண்ணியியல் அறிஞரும், பூச்சியியல் அறிஞரும் ஆவார். மலேரியா குறித்த ஆய்வுகளுக்காகப் பெரிதும் அறியப்படுகிறார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்திய மருத்துவப் பணியில் இருந்தார். சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தின் தொடக்க கால இயக்குநராகப் பணியாற்றினார். கொசு, ஒட்டுண்ணி, மழை, நில அமைப்பு, மனிதரின் வறுமை ஆகியவற்றை ஒரே நோயின் பகுதிகளாகக் கண்டவர் இவர். மருத்துவத்தையும் உயிரினச் சூழலியலையும் இணைத்த முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

கிறிஸ்டோபர்ஸ் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். அந்நகரின் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1896இல் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றபின் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதிக்குப் பயணம் மேற்கொண்டார். உயிரினங்களை அவை வாழும் இடத்திலேயே சென்று காணும் இயற்கையியலாளரின் வழக்கம் வாழ்நாள் முழுவதும் இவரிடம் இருந்தது.

மலேரியா ஆணைக்குழு

1897இல் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் அனோஃபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியின் வளர்நிலைகளைக் கண்டறிந்தார். அதற்கு அடுத்த ஆண்டு, இலண்டன் அரச கழகமும் பிரித்தானியக் குடியேற்ற நாட்டு அலுவலகமும் சேர்ந்து மலேரியா ஆணைக்குழு ஒன்றை அமைத்தன. சி. டபிள்யூ. டேனியல்ஸ், ஜே. டபிள்யூ. டபிள்யூ. ஸ்டீவன்ஸ், கிறிஸ்டோபர்ஸ் ஆகிய மூவரும் இதன் உறுப்பினர்கள். இவர்கள் முதலில் ஆப்பிரிக்காவிலும், 1901 முதல் இந்தியாவிலும் ஆய்வு நடத்தினர்.

ஆப்பிரிக்காவில் இவர்கள் கண்ட முக்கியமான உண்மை, நோய் அறிகுறி ஏதுமின்றி விளையாடித் திரியும் சிறு குழந்தைகளின் குருதியில் மலேரியா ஒட்டுண்ணி மிகுதியாக இருந்தது என்பதாகும். பெரியவர்களிடம் அது அரிதாகவே காணப்பட்டது. செருமானிய அறிஞர் ராபர்ட் கோக் என்பவரும் இதே முடிவைத் தனியாகக் கண்டறிந்திருந்தார். ஓர் ஊரில் நோய் எந்த அளவு நிலைகொண்டுள்ளது என்பதைக் காய்ச்சலுற்று மருத்துவமனைக்கு வருவோரைக் கொண்டு அறிய முடியாது, ஊரிலுள்ள குழந்தைகளைச் சோதித்தே அறிய முடியும் என்பது இதன் பொருள். குழந்தைகளுள் எத்தனை விழுக்காட்டினருக்கு மண்ணீரல் வீங்கியுள்ளது, எத்தனை விழுக்காட்டினரின் குருதியில் ஒட்டுண்ணி உள்ளது என்று கணக்கிடும் முறைகள் பின்னர் உலகெங்கும் மலேரியா அளவீட்டின் அடிப்படையாயின.

இக்கண்டுபிடிப்பிலிருந்து ஆணைக்குழு எடுத்த நடைமுறை முடிவு இன்று கடும் குறைகூறலுக்கு உள்ளாகிறது. ஐரோப்பியர்களின் வீடுகளை ஆப்பிரிக்கரின் குடியிருப்புகளிலிருந்து விலக்கி அமைக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. சியரா லியோனின் தலைநகரான ஃப்ரீடவுனில் 1904இல் மலைமேல் தனிக் குடியிருப்பு அமைக்கப்பட்டது இக்கருத்தின் விளைவே. நோயின் இருப்பிடமாகக் குழந்தைகளை அறிந்த பின்னும் அக்குழந்தைகளுக்கு மருத்துவம் அளிப்பது திட்டத்தின் மையமாக அமையவில்லை.

மியான்மீர் ஆய்வு

இந்தியாவில் இக்குழு ஆய்வு செய்த இடங்களுள் லாகூருக்கு அருகில் உள்ள மியான்மீர் படைக்குடியிருப்பு முக்கியமானது. பாரி தோஆப் கால்வாயிலிருந்து வந்த பாசன நீர் அக்குடியிருப்பினூடே வாய்க்கால்களில் ஓடியது. காய்ச்சலால் அங்கு படைவீரர்கள் ஆண்டுதோறும் பெருந்துன்பம் அடைந்து வந்தனர்.

இங்கு இரண்டு வகை அனோஃபிலிஸ் கொசுக்கள் காணப்பட்டன. அக்காலத்தில் ராஸின் பெயரால் அனோஃபிலிஸ் ரோஸி என்று வழங்கப்பட்ட வகை (இன்றைய பெயர் அனோஃபிலிஸ் சப்பிக்டஸ்) எங்கும் திரளாக இருந்தது. ஆனால் அவற்றை அறுத்துச் சோதித்தபோது ஒட்டுண்ணி காணப்படவில்லை. எண்ணிக்கையில் குறைந்த அனோஃபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் என்னும் வகையே ஒட்டுண்ணியைச் சுமந்தது. எல்லா அனோஃபிலிஸ் கொசுக்களும் ஒரே அளவில் நோய் பரப்புவதில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. எனவே ஒவ்வோர் இடத்திலும் எந்த இனம் நோயைப் பரப்புகிறது, அது எத்தகைய நீரில் முட்டையிடுகிறது என்று அறியாமல் கொசு ஒழிப்பில் இறங்குவது வீண்செலவாகும் என்னும் கருத்து வலுப்பெற்றது.

இந்த முடிவும் இடத்தைப் பொறுத்தது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. மியான்மீரில் தீங்கற்றதாகத் தோன்றிய அனோஃபிலிஸ் சப்பிக்டஸ், தென்கிழக்கு இந்தியாவின் கடலோரச் சிற்றூர்களில் மலேரியாவைப் பரப்புவதாக 1981இல் வெளியான ஆய்வொன்று தெரிவித்தது.

1902 முதல் மியான்மீரில் கொசுப்புழு ஒழிப்பு முயற்சி மேற்கொள்ளப்பட்டது. எஸ். பி. ஜேம்ஸ், கிறிஸ்டோபர்ஸ் ஆகியோர் இதில் ஈடுபட்டனர். குட்டைகள் தூர்க்கப்பட்டன. வாய்க்கால்கள் சீர்செய்யப்பட்டன. நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிக்கப்பட்டது. ஆயினும் காய்ச்சல் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. ஒழிக்கப்பட்ட இடத்திற்குச் சுற்றுப்புறத்திலிருந்து கொசுக்கள் மீண்டும் வந்து சேர்ந்தன. இத்தகைய நிலத்தில் கொசுப்புழு ஒழிப்பு மட்டும் போதாது என்று கிறிஸ்டோபர்ஸ் கருதினார். ராஸ் இதனை ஏற்கவில்லை. போதிய பணமும் ஆட்களும் இன்றிச் சிறு பரப்பில் அரைகுறையாகச் செய்த வேலையை வைத்துக் கொசு ஒழிப்பையே குறைகூறுவது தவறு என்று அவர் வாதிட்டார். இக்கருத்து மோதல் 1909இல் சிம்லாவில் நடைபெற்ற மலேரியா மாநாடு வரை நீடித்தது.

சென்னைக் காலம்

கிறிஸ்டோபர்ஸ் 1902இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1904இல் கிண்டியில் உள்ள கிங் நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். சென்னை மாகாணத்தின் நலவாழ்வு ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங் என்பவரின் பெயரைத் தாங்கிய இந்நிலையம், அம்மைப்பால் தயாரிப்பதற்காகத் தொடங்கப்பட்டுப் பின்னர் முழுமையான ஆய்வுக்கூடமாக வளர்ந்தது.

காலா-அசார் ஒட்டுண்ணி

1903இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் மருத்துவர் சார்லஸ் டொனவன், மண்ணீரல் வீங்கி நெடுங்காய்ச்சலுற்ற நோயாளிகளின் மண்ணீரலில் புதுவகை நுண்ணுடல்களைக் கண்டார். கல்கத்தா அருகே உள்ள டம்டம்மில் நோயுற்று இங்கிலாந்தில் இறந்த படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் வில்லியம் லீஷ்மன் கண்டு, அதே ஆண்டு மே மாதம் வெளியிட்டவையும் இவையே. இருவர் பெயரையும் இணைத்து ராஸ் இதற்கு லீஷ்மேனியா டொனவானி என்று பெயரிட்டார். டொனவனும் பட்டாம்பூச்சிகளிலும் அந்துப்பூச்சிகளிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட இயற்கையியலாளர் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்நுண்ணுடல்கள் உண்மையில் ஒட்டுண்ணிகள்தாமா, உடலில் எங்கெங்கு வாழ்கின்றன என்பவற்றை ஆராயும் பணி கிறிஸ்டோபர்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னை நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகளை 1904இல் அறிக்கைகளாக வெளியிட்டார். மண்ணீரல், கல்லீரல், எலும்பு மச்சை முதலிய உறுப்புகளில் உள்ள பெரிய உயிரணுக்களின் உள்ளே இவை பெருகி வாழ்கின்றன என்று அவ்வறிக்கைகள் விளக்கின. மலேரியாவைப் போலச் சிவப்பணுக்களில் அன்றி, உடலைக் காக்க வேண்டிய உயிரணுக்களிலேயே ஒட்டுண்ணி குடியிருப்பது இந்நோயின் தனித்தன்மையாகும்.

உண்ணியும் பேனும்

கிண்டியில் இவர் மனித நோய்களோடு நின்றுவிடவில்லை. வயல்வெளிகளில் வாழும் வெள்ளெலியின் குருதியில் உள்ள ஒட்டுண்ணியை ஆராய்ந்து 1905இல் வெளியிட்டார். அவ்வெலியின் உடலில் வாழும் பேனில் இவ்வொட்டுண்ணி வளர்வதை அதில் விளக்கினார். தெருநாய்களின் வெள்ளணுக்களில் காணப்படும் மற்றோர் ஒட்டுண்ணி நாய் உண்ணியில் வளர்வதை 1906இல் காட்டினார். நாய்களுக்குக் காய்ச்சலை உண்டாக்கும் பைரோபிளாஸ்மா (இன்றைய பெயர் பேபேசியா) என்னும் ஒட்டுண்ணி உண்ணியின் உடலில் கடக்கும் நிலைகளை 1907இல் விரிவாக எழுதினார். இதற்காக உண்ணியின் உள்ளுறுப்புகளை அறுத்தாய்ந்து தனி நூலே வெளியிட்டார். ஓர் ஒட்டுண்ணியின் வாழ்க்கையை அறிய அதனைச் சுமக்கும் உயிரினத்தின் வாழ்க்கையையும் முழுதாக அறிய வேண்டும் என்னும் நெறியை இவ்வாய்வுகள் பின்பற்றின.

துவார் தேயிலைத் தோட்டங்கள்

இமயமலையடிவாரத்தில் வங்காளத்தின் வடபகுதியான துவார் தேயிலைத் தோட்டங்களில் மலேரியாவும் கருநீர்க் காய்ச்சலும் மிகுந்திருந்தன. இவற்றை ஆராய கிறிஸ்டோபர்ஸும் சார்லஸ் பெண்ட்லியும் அனுப்பப்பட்டனர்.

அவர்களது அறிக்கை கொசுவை மட்டும் குற்றம் சாட்டவில்லை. வெவ்வேறு பகுதிகளிலிருந்து தொழிலாளர்களைத் திரட்டி ஓரிடத்தில் நெருக்கமாகக் குடியமர்த்துவதே நோய் கடுமையாவதற்குக் காரணம் என்று அது கூறியது. நோயை எதிர்த்துப் பழகாத உடலுடன் புதியவர்கள் வந்துகொண்டே இருக்கின்றனர். அவர்களுக்கு ஊட்டமான உணவு இல்லை. கூலி குறைவு. நோயுற்றால் வருவாய் நின்றுபோகிறது. இவ்வாறான திரளில் ஒட்டுண்ணி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு விரைந்து பரவி வலுவடைகிறது. இதனை அவர்கள் நோயின் 'மனிதக் கூறு' என்று அழைத்தனர். பெண்ட்லி பின்னர் வங்காளத்தில் இருப்புப்பாதைக் கரைகளும் வெள்ளத் தடுப்புக் கரைகளும் வேளாண்மையையும் நலவாழ்வையும் ஒருங்கே கெடுத்தன என்று 1925இல் எழுதிய நூல் இவ்வழியில் வந்ததே.

பஞ்சாப் கொள்ளைநோய், 1908

1908ஆம் ஆண்டு பருவமழைக்குப் பின் பஞ்சாபில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவியது. சில மாதங்களில் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் காய்ச்சலால் இறந்தனர். அமிர்தசரஸ் நகரில் வாரக்கணக்கில் அன்றாட வாழ்வே நிலைகுலைந்தது. இக்கொள்ளைநோயின் காரணத்தைக் கண்டறியும் பணி கிறிஸ்டோபர்ஸுக்கு அளிக்கப்பட்டது. அதன் முடிவுகளை 'பஞ்சாபில் மலேரியா' என்னும் தலைப்பில் 1911இல் வெளியிட்டார். இதுவே இவருடைய ஆய்வுகளுள் தலைசிறந்ததாகக் கருதப்படுகிறது.

ஆய்வு முறை

அக்கால இறப்புப் பதிவேடுகளில் 'காய்ச்சல்' என்று எழுதப்பட்டது மலேரியாவாகவும் இருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம். எனவே மொத்த எண்ணிக்கையை நேராகப் பயன்படுத்த இயலாது. மலேரியாக் கொள்ளைநோய் அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான மாதங்களில் மட்டும் இறப்பை உயர்த்துவது. ஆகவே ஒவ்வொரு பகுதியிலும் அம்மாத இறப்புகள் இயல்பான மாத இறப்புகளைப் போல் எத்தனை மடங்கு என்று கிறிஸ்டோபர்ஸ் கணக்கிட்டார். காவல்நிலைய எல்லைகள் வாரியாக இக்கணக்கை வரைபடங்களில் குறித்தார். இவ்வாறே 1860களின் இறுதி முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பதிவேடுகளையும் ஆராய்ந்தார். பல ஊர்களில் குழந்தைகளின் மண்ணீரலையும் சோதித்தார்.

முடிவுகள்

கொள்ளைநோய் தோன்றிய ஆண்டுகளில் சூலை முதல் செப்டம்பர் வரை மழை மிகுந்து, தாழ்நிலங்களில் வெள்ளம் தேங்கியிருந்தது. மழைநீர் தேங்கும்போது கொசு பெருகுகிறது. காற்றில் ஈரப்பதம் மிகும்போது கொசு நெடுநாள் உயிர் வாழ்ந்து நோயைப் பரப்புகிறது. ஆனால் மழை மிகுந்த எல்லா ஆண்டுகளிலும் பேரிறப்பு நேரவில்லை. மழையோடு தானிய விலை உயர்வும் சேர்ந்த ஆண்டுகளிலேயே இறப்பு மிகக் கடுமையாக இருந்தது. 1908இலும் தானிய விலை உயர்ந்திருந்தது. பசியால் மெலிந்த மக்களிடையே, குறிப்பாகக் குழந்தைகளிடையே, மலேரியா உயிர்க்கொல்லியாக மாறியது என்பதே இவருடைய முடிவாகும்.

நீர்வடிகால் அமைத்தல், வெள்ளத்தைத் தடுத்தல், குயினைன் வழங்குதல் ஆகியவற்றோடு பஞ்ச காலத்தில் மக்களுக்குப் பொருளுதவி அளிப்பதும் மலேரியாத் தடுப்பின் பகுதி என்று இவ்வறிக்கை கருதியது. மழை, விலை, குழந்தைகளின் மண்ணீரல் வீக்கம் ஆகியவற்றைக் கொண்டு வரவிருக்கும் கொள்ளைநோயை முன்கூட்டியே கணிக்கலாம் என்னும் கருத்து இதிலிருந்து பிறந்தது. 1920களில் சி. ஏ. கில் என்பவர் பஞ்சாபில் இக்கணிப்பை நடைமுறைப்படுத்தினார்.

இலங்கையுடன் ஒப்பீடு

1934–35ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏற்பட்ட மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். அங்கும் நோயைப் பரப்பியது அனோஃபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் கொசுவே. ஆனால் பஞ்சாபில் மிகுமழை கொள்ளைநோயைக் கொணர்ந்ததற்கு மாறாக, இலங்கையின் ஈரவலயத்தில் மழை பொய்த்ததே காரணமாயிற்று. வேகமாக ஓடும் ஆறுகள் வற்றி, ஆற்றுப்படுகைகளில் ஆயிரக்கணக்கான சிறு குட்டைகள் தேங்கின. தெளிந்த, வெயில்படும் அந்நீர் இக்கொசுவுக்கு உகந்த இடமாயிற்று. ஒரே கொசுவும் ஒரே ஒட்டுண்ணியும் நில அமைப்பைப் பொறுத்து எதிரெதிரான காலநிலைகளில் பேரழிவை உண்டாக்க முடியும் என்பதற்கு இவ்விரு நிகழ்வுகளும் சான்றாகும்.

கசௌலியும் பிற ஆய்வுகளும்

இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் 1909இல் மத்திய மலேரியாப் பணியகம் தொடங்கப்பட்டது. கிறிஸ்டோபர்ஸ் இதன் பொறுப்பாளராக இருந்தார். பின்னர் அங்குள்ள மத்திய ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக 1932 வரை பணியாற்றினார். இக்காலத்தில் இவர் செய்த பணிகளுள் சில:

* பெண் கொசுவின் சூலகத்தில் முட்டை வளர்வதை ஐந்து நிலைகளாகப் பகுத்து 1911இல் வெளியிட்டார். இவை 'கிறிஸ்டோபர்ஸ் நிலைகள்' என்று இன்றும் பூச்சியியலில் வழங்குகின்றன. கொசு குருதி குடித்து எவ்வளவு காலம் ஆயிற்று, முட்டையிட எவ்வளவு காலம் உள்ளது என்று மதிப்பிட இவை பயன்படுகின்றன.
* முதல் உலகப் போரின்போது மெசொப்பொத்தேமியாவில் (இன்றைய ஈராக்) படையினரிடையே மலேரியா ஆய்வுப் பணியை மேற்கொண்டார்.
* சிங்பூம் பகுதியில் தொழிலாளர் குடும்பங்களின் குழந்தைகளை ஆராய்ந்து 1924இல் கட்டுரை வெளியிட்டார். மலேரியா ஓயாத இடத்தில் பிறக்கும் குழந்தை முதல் இரண்டு ஆண்டுகளில் கடும் தொற்றுக்கு ஆளாகிறது. அதில் உயிர் பிழைத்தால் படிப்படியாக எதிர்ப்பாற்றல் பெறுகிறது. பெரியவர்களின் உடல்நலம் குழந்தைகளின் இறப்பை விலையாகக் கொடுத்துப் பெறப்படுகிறது என்பது இதனால் விளங்கிற்று.
* 1920களில் அசாமில் பணியாற்றிய காலா-அசார் ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். எச். இ. ஷார்ட், பி. ஜே. பர்ராட் ஆகியோர் இதில் உடன் பணிபுரிந்தனர். ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ் என்னும் மணல் ஈ மீது இக்குழு கவனம் செலுத்தியது. இந்த ஈ கடிப்பதால் நோய் பரவுகிறது என்பதை 1942இல் சி. எஸ். சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் ஐயத்திற்கிடமின்றி நிறுவினர்.

ஓய்வுக்குப் பின்

1932இல் இந்தியாவை விட்டுச் சென்றபின் இலண்டன் நலவாழ்வு மற்றும் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் மலேரியா மருந்துகள் குறித்து ஆராய்ந்தார். அதன்பின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கொசு ஆய்வைத் தொடர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொசுவிரட்டிகளைப் பற்றி ஆராய்ந்தார். 1960இல், தமது 86ஆம் வயதில், ஏடிஸ் எஜிப்தி கொசுவைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் இக்கொசுவே டெங்கு, சிக்குன்குன்யா காய்ச்சல்களையும் பரப்புவதாகும். 1978இல் 104ஆம் வயதில் காலமானார்.

நூல்கள்

* மலேரியா மற்றும் பிற குருதி ஒட்டுண்ணிகள் பற்றிய செய்முறை ஆய்வு (ஸ்டீவன்ஸுடன் இணைந்து), 1903
* பஞ்சாபில் மலேரியா, 1911
* பிரித்தானிய இந்தியாவின் விலங்கினங்கள் வரிசையில் அனோஃபிலிஸ் கொசுக்கள் பற்றிய தொகுதி, 1933
* ஏடிஸ் எஜிப்தி: மஞ்சள் காய்ச்சல் கொசு, 1960

சிறப்புகள்

1926இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1931இல் சர் பட்டம் பெற்றார். அரச கழகத்தின் புக்கானன் பதக்கம் 1952இல் இவருக்கு வழங்கப்பட்டது. கிறிஸ்டோபர்சியோமையா என்னும் கொசுத் துணைப்பேரினமும், செர்ஜென்டோமையா கிறிஸ்டோபர்சி என்னும் மணல் ஈ இனமும் இவரது பெயரைத் தாங்கியுள்ளன. இவருடன் பணியாற்றிய ஸ்டீவன்ஸின் பெயரைத் தாங்கும் அனோஃபிலிஸ் ஸ்டீவன்சி, சென்னை முதலிய நகரங்களில் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் பெருகி மலேரியாவைப் பரப்பும் கொசுவாகும்.

மதிப்பீடும் தாக்கமும்

கசௌலி மலேரியாப் பணியகம் 1927இல் இந்திய மலேரியா அளவாய்வு நிறுவனமாகவும், 1938இல் இந்திய மலேரியா நிலையமாகவும், 1963இல் தேசியத் தொற்றுநோய் நிறுவனமாகவும் வளர்ந்தது. 2009 முதல் இது தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் என்னும் பெயரில் தில்லியில் இயங்குகிறது. இனம் அறிந்து, இடம் அறிந்து கொசுவைக் கட்டுப்படுத்தும் முறை தமிழகப் பகுதியிலும் வேரூன்றியது. புதுச்சேரியில் 1975இல் நிறுவப்பட்ட நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இம்முறையை மலேரியா, யானைக்கால் நோய் ஆகியவற்றில் கையாண்டது.

இவருடைய ஆய்வுகளில் பசி பற்றிய பகுதி பின்னாளில் பெரிதும் மறக்கப்பட்டது. டி.டி.டி. மருந்து வந்தபின் மலேரியா என்பது கொசுவைக் கொல்லும் தொழில்நுட்பச் சிக்கலாக மட்டுமே நோக்கப்பட்டது. கனடிய மருத்துவரும் வரலாற்றாய்வாளருமான ஷீலா சுர்பிரிக் இதனை மீண்டும் ஆய்வுக்குக் கொணர்ந்தார். தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் ஏழைத் தாயின் நிலையைக் கொண்டு நோயின் சமூகக் காரணங்களை விளக்கும் 'ராக்குவின் கதை' என்னும் நூலை 1984இல் எழுதியவர் இவர். 2019இல் வெளியான நூல்களில், பஞ்சாபில் 1908க்குப் பின் மலேரியாப் பேரிறப்புகள் டி.டி.டி. வருவதற்கு முன்பே வெகுவாகக் குறைந்துவிட்டதை இவர் சுட்டிக்காட்டுகிறார். கொசுவும் ஒட்டுண்ணியும் அப்படியே இருக்க, பஞ்ச நிவாரணம் மேம்பட்டதே இறப்பைக் குறைத்தது என்பது இவரது வாதமாகும். கிறிஸ்டோபர்ஸ் தொகுத்த மழை, விலை, இறப்புக் கணக்குகளே இவ்வாதத்தின் தொடக்கப் புள்ளியாக விளங்குகின்றன.